வளர்த்தவர் நெஞ்சமும் வளர்ந்த பிள்ளையும்

ஆங்கிலப் புதின இலக்கியத்தில் 1861ஆம் ஆண்டு தனிச் சிறப்புடையது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஜார்ஜ் எலியட் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ வெளிவந்தது. அதற்கு முந்திய டிசம்பரில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில் தொடங்கிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் தொடர்கதை அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நிறைவுற்றது. ஒருவர் கதையை மற்றவர் தழுவினார் என்று கூற இடமில்லை. ஆயினும் இரண்டிலும் ஒரே வித்து முளைத்திருப்பதைக் காணலாம். மணம் பேசி முடித்த நிலையில் ஒருவர் வஞ்சிக்கப்படுகிறார். அவ்வஞ்சனையில் அவருக்கு மிக நெருங்கிய ஒருவருக்கும் பங்கிருக்கிறது. அடிபட்டவர் உலகத்தை வெறுத்து ஒரு வீட்டுக்குள் ஒடுங்குகிறார். நெடுங்காலத்திற்குப் பின் அவ்வீட்டுக்குள் ஒரு சிறு பெண்குழந்தை வந்து சேர்கிறது.

இதுவரை இரண்டு கதைகளும் ஒன்றே. இதற்கு மேல் நடப்பவை நேர் எதிரானவை. டிக்கன்சின் ஹாவிஷாம் அம்மையார் வளர்த்த எஸ்டெல்லா, தன்னிடம் இதயமே இல்லை என்று தானே கூறிக்கொள்ளும் அழகியாகிறாள். எலியட்டின் நெசவாளி சைலஸ் வளர்த்த எப்பி, செல்வம் வாயிலில் வந்து நின்று அழைத்தபோதும் வளர்த்தவனின் கையை விடாதவளாகிறாள். வளர்த்த இருவரும் பட்ட புண் ஒன்றே. அவ்வாறாயின் வளர்ந்த இருவரும் இத்துணை வேறுபட்டது எதனால்? பிள்ளை வளர்ப்பைப் பற்றி அறிவுரை கூறும் நூல்கள் எத்தனையோ உள்ளன. அவை எடுத்துக்கொள்ளத் தயங்கும் வினா இது. புதினம் தயங்குவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களைப் படிக்கும் மாணவர் முதலில் வியப்பது, அவற்றில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கின்றனரே என்பதுதான். மகப்பேற்றிலும் தொற்றுநோயிலும் இளம்பெற்றோர் மடிவது அந்நாளில் அரிதன்று. ஆயினும் காரணம் அது மட்டுமன்று. தாய் தந்தையர் இருக்கும் வீட்டில் பிள்ளையின் குணம் பிறப்பால் வந்ததா, வளர்ப்பால் வந்ததா என்று பிரித்தறிதல் கடினம். பெற்றோரை அகற்றிவிட்டு வேறொருவர் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போது, வளர்ப்பவரின் இயல்பு தனித்துத் தெரிகிறது. கதாசிரியருக்கு இஃது ஓர் ஆய்வுக்கூடம் போன்றது.

அவ்வாய்வைத் தெளிவாகக் காணத்தக்க வீடு, ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ புதினத்தில் வரும் கொல்லன் ஜோவின் வீடு. அங்கு வளரும் சிறுவன் பிப், தாய் தந்தையரையும் ஐந்து சகோதரர்களையும் கல்லறைக் கற்களில் மட்டுமே அறிந்தவன். தன்னைவிட இருபதாண்டுக்கு மேல் மூத்த தமக்கையே அவனை வளர்க்கிறாள். தமக்கை என்ற சொல்லில் தமிழ் வாசகர் எதிர்பார்க்கும் கனிவு அவளிடம் இல்லை. தம்பியைத் தன் கையாலேயே வளர்த்தவள் என்று ஊரார் அவளைப் பாராட்டுகின்றனர். தாய்ப்பாலின்றிப் புட்டியாலும் கரண்டியாலும் ஊட்டி வளர்த்தாள் என்பதே அத்தொடரின் பொருள். சிறுவனோ, அக்கை தன் மீது எத்துணை முறை விழுந்திருக்கிறது என்பதை எண்ணி, வேறு பொருள் கொள்கிறான். தன்னைப் போலவே ஜோ மாமனும் அவள் கையால் வளர்க்கப்பட்டவன்தான் என்பது அவன் முடிவு. நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விடத்தில் நகைப்பதற்கு அதிகமில்லை.

அத்தமக்கை தீயவள் அல்லள். உணவு தருகிறாள், உடை தருகிறாள், வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாள். ஆனால் தான் செய்யும் ஒவ்வொன்றையும் கடனாக எழுதி வைக்கிறாள். பிள்ளை பிறந்ததும் குற்றம்; நோயுற்றதும் குற்றம்; சாகாமல் இருந்ததும் குற்றம். அவள் ரொட்டி அறுக்கும் முறையை டிக்கன்ஸ் காட்டுவது கருதத்தக்கது. ஏப்ரனின் மார்புப் பகுதியில் எப்போதும் ஊசிகளும் குண்டூசிகளும் குத்தியிருக்கும். அதன் மீதே ரொட்டியை அழுத்திப் பிடித்து அறுப்பாள். சில வேளை ஓர் ஊசி ரொட்டிக்குள் புகுந்து, உண்பவர் வாய்க்குள் வரும். ஊட்டும் கையிலிருந்தே குத்தும் ஊசியும் வருகிறது. இவ்வகை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் முழுவதும் எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இவ்வளர்ப்பு பிப்பை என்ன செய்தது? பணிவுள்ளவனாக ஆக்கியதா? இல்லை. அஞ்சுபவனாகவும், அநீதியை நுண்ணிதின் உணர்பவனாகவும் ஆக்கியது. சிறுவர் வாழும் சிற்றுலகில் அநீதியைப் போல் கூர்மையாக உணரப்படுவது வேறொன்றில்லை என்று, வளர்ந்துவிட்ட பிப் பின்னாளில் எண்ணிப் பார்க்கிறான். பெரியவருக்கு அது சிறு நிகழ்ச்சி. பிள்ளையோ சிறியது, அதன் உலகமும் சிறியது, ஆதலின் அளவு மாறிவிடுகிறது.

அச்சத்தின் விளைவை டிக்கன்ஸ் மற்றோரிடத்தில் காட்டுகிறார். ஹாவிஷாம் அம்மையாரின் மாளிகைக்கு முதன்முறை சென்று திரும்பிய பிப்பிடம், அங்கே என்ன கண்டாய் என்று தமக்கையும் அவளுடைய உறவினர் ஒருவரும் குடைந்து குடைந்து கேட்கின்றனர். உண்மையைச் சொன்னால் விளங்காது, அடியும் விழும். சிறுவன் பொய்களை அடுக்குகிறான். கறுப்பு வெல்வெட்டு வண்டி என்கிறான். வெள்ளிக் கூடையிலிருந்து இறைச்சி தின்னும் பெரிய நாய்கள் என்கிறான். கொடிகள், வாட்கள் என்கிறான். அவர்களும் வாயைப் பிளந்து நம்புகின்றனர். அன்றிரவே, யாரும் கேளாமலே, உலைக்களத்திற்குச் சென்று அத்தனையும் பொய் என்று ஜோவிடம் ஒப்புக்கொள்கிறான். ஜோ அடிக்கவில்லை. பொய் எப்படி வந்தாலும் பொய்தான். வளைந்த வழியில் உயர்ந்தவனாக முடியாது என்று தன் எளிய அறிவுக்கு எட்டிய அளவில் சொல்லி அனுப்புகிறான். மிரட்டிக் கேட்ட வாய்க்குப் பொய்யும், கேளாதிருந்த செவிக்கு உண்மையும் கிடைத்த இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் நிற்பவர் ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

ஆனால் ஜோவைப் போற்றுவதோடு நின்றுவிடுவது டிக்கன்சைக் குறைத்துப் படிப்பதாகும். ஜோ அன்பே உருவானவன். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பிப்பை இடித்துரைக்கும்போதெல்லாம், அவன் செய்யக்கூடியது ஒன்றே: பிள்ளையின் தட்டில் மேலும் ஒரு கரண்டி இறைச்சிச் சாற்றை ஊற்றுகிறான். எத்துணை கனிவான செயல்! எத்துணை கையாலாகாத செயல்! ஒரு வார்த்தை அவனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கும் கதையில் காரணம் உண்டு. ஜோவின் தந்தை குடிகாரர். மனைவியையும் மகனையும் அடித்தவர். தன் தாய் பட்ட பாட்டைக் கண்ட ஜோ, எந்தப் பெண்ணுக்கும் தான் கொடுமை செய்துவிடக் கூடாது என்று உறுதி கொண்டான். நேர்மையாளன் கொண்ட அவ்வுறுதியால் அவன் மனைவியை எதிர்ப்பதில்லை. இறந்துபோன தாய்க்கு மகன் செலுத்தும் கடனுக்கு வட்டி கொடுப்பவன் பிப்! வளர்ப்பவரின் நற்குணமும் பிள்ளையின் முதுகில் அடியாக விழக்கூடும் என்பதை இத்துணை நேராகக் கண்ட புதினங்கள் சிலவே.

டிக்கன்சுக்கு இக்கண்கள் வாய்த்ததற்கு அவருடைய இளமையே காரணம். 1824இல், பன்னிரண்டு வயதில், தந்தை கடனுக்காக மார்ஷல்சி சிறையில் இருந்தபோது, அவர் காலணி மை தயாரிக்கும் தொழிற்கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்தார். தந்தை விடுதலையான பிறகும் மகன் அவ்வேலைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்றே தாய் விரும்பினார். தந்தையின் ஊதாரித்தனத்தை டிக்கன்ஸ் மன்னித்தார் எனலாம். தாயின் அந்த விருப்பத்தை அவர் மறக்கவில்லை. 1870இல் அவர் இறந்த பின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே உலகம் இதை அறிந்தது.

பிப் தன் வளர்ப்புக்கு எதிராக எழுந்து நிற்கும் இடம், தமக்கையின் வீடன்று, எஸ்டெல்லாவின் முன்னிலை. அவன் கைகள் முரடானவை, காலணிகள் தடித்தவை என்று அவள் ஏளனம் செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி எண்ணியிராத சிறுவன் வெட்கமடைகிறான். அவ்வெட்கம் வளர்ந்து ஜோவின் மீது படிகிறது. பின்னாளில், முகமறியாத ஒருவர் அளித்த பணத்தால் இலண்டனில் கனவானாக வாழும் பிப்பைக் காண ஜோ வருகிறான். பணம் கொடுத்து அவ்வரவைத் தடுக்க முடியுமானால் தடுத்திருப்பேன் என்று எண்ணுகிறான் பிப். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜோ அதைக் கணப்பின் மேல்தட்டில் வைப்பதும், அது மீண்டும் மீண்டும் விழுவதும், தான் தூக்கி வளர்த்த பிள்ளையையே ‘ஐயா’ என்று அழைப்பதும் படிப்பவர் நெஞ்சைப் பிழிபவை. ஜோவின் அன்பு வீணாயிற்றோ என்று வாசகர் அஞ்சும் இடம் இது.

வீணாகவில்லை. ஆனால் அது வெளிப்பட நெடுங்காலம் ஆகிறது. தன்னைக் கனவானாக்கிய பணம், நாடு கடத்தப்பட்ட கைதி மாக்விட்சின் பணம் என்று அறிந்தபோது பிப் அருவருக்கிறான். எனினும் அம்மனிதன் பிடிபட்டு, நோயுற்று, தூக்குத் தண்டனை பெற நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும்போது, எல்லார் முன்னிலையிலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். உலகம் இழிந்தவன் என்று ஒதுக்கிய ஒருவனின் கையை வெட்கமின்றிப் பிடிக்க அவனுக்கு யார் கற்பித்தார்? இலண்டன் கற்பிக்கவில்லை, பணம் கற்பிக்கவில்லை. தட்டில் சாறு ஊற்றிய கை கற்பித்தது. கற்பிக்கிறோம் என்று அக்கை அன்று எண்ணவுமில்லை.

எஸ்டெல்லாவுக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை. ஹாவிஷாம் அம்மையாரின் மாளிகையில் கடிகாரங்கள் எல்லாம் எட்டு மணி நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டவை. மணமகன் வரமாட்டான் என்ற கடிதம் வந்த நேரம் அது. மணப்பெண்ணின் ஆடை உடலிலேயே மஞ்சளித்துப் போயிற்று, ஒரு காலில் மட்டும் காலணி, சன்னல்கள் அடைக்கப்பட்டுவிட்டன, பகலிலும் மெழுகுவத்தி எரிகிறது. அவ்விருளுக்குள், உறங்கிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஒரு வழக்கறிஞரால் கொண்டுவந்து தரப்படுகிறது. கண் விழித்தபோது அக்குழந்தை கண்ட உலகம் அதுவே.

ஹாவிஷாமின் முதல் நோக்கம் கொடியதன்று. தான் பட்ட துன்பத்திலிருந்து ஒரு பெண்ணையாவது காக்க வேண்டும் என்பதே அவள் விருப்பம். ஆனால் குழந்தை வளர வளர, அழகு மிக மிக, காப்பது பழிவாங்குவதாகத் திரிந்தது. ஆடவர் நெஞ்சை உடைக்கும் கருவியாக அவளை ஆக்கினாள், அணிகள் பூட்டினாள், தன்னையே எச்சரிக்கையாக எடுத்துக் காட்டினாள். கடுமையாக வளர்க்கவில்லை என்பதை ஈண்டு மறத்தல் கூடாது. ஒரு நாளும் அடித்ததில்லை, எதையும் மறுத்ததில்லை. பிப்பின் தமக்கை தந்த அடி எதுவும் எஸ்டெல்லாவுக்கு விழவில்லை. எனினும் இருவரில் மிகுதியாகச் சிதைந்தவள் அவளே.

இருவரும் மோதிக்கொள்ளும் காட்சி ஆங்கிலப் புதினத்தின் உச்சங்களுள் ஒன்று. முதுமையுற்ற ஹாவிஷாம், தன்னிடமும் எஸ்டெல்லா குளிர்ந்து நிற்பதைக் கண்டு, நன்றியற்றவள் என்று கதறுகிறாள். எஸ்டெல்லா குரலை உயர்த்துவதில்லை. தன்னை ஆக்கியவர் எவரோ, பழியும் புகழும் அவருக்கே உரியவை என்கிறாள். பகல் வெளிச்சம் என்பதையே காட்டாமல் ஒரு குழந்தையை வளர்த்துவிட்டு, பின்னொரு நாள் வெளிச்சத்தை அறிந்துகொள் என்றால் அதனால் இயலுமா என்னும் பொருள்படக் கேட்கிறாள். அக்கேள்விக்கு அம்மையாரிடம் விடையில்லை. பாடம் முழு வெற்றி பெற்றுவிட்டது. உலகத்து ஆடவரிடம் காட்டுவதற்கென்று கற்பித்த குளிர்ச்சி, கற்பித்தவரை மட்டும் விலக்கிவிடுவதில்லை.

ஆயினும் எஸ்டெல்லா முற்றும் பாடத்தால் ஆனவள் அல்லள். ஏனைய ஆடவரை ஏமாற்றும் அவள், பிப்பை ஏமாற்ற மறுக்கிறாள். தன்னை நம்பாதே என்று அவனிடம் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறாள். இந்நேர்மையை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஹாவிஷாமின் திட்டத்தில் அது இல்லை. வளர்ப்பே அனைத்தும் என்று சாதிக்க வருவோர் இச்சிறு கீற்றைக் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். டிக்கன்ஸ் கவனித்திருக்கிறார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கொடுமையில் வளர்ந்த பிள்ளை கொடுமையுடையதாகவும், அன்பில் வளர்ந்தது அன்புடையதாகவும் ஆவதே விதி எனின், சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) என்னாவது? பத்து வயது ஜேனைச் சிவப்பு அறையில் பூட்டிய அத்தை திருமதி ரீட், தன் மகன் ஜானுக்கு எதையும் மறுக்கவில்லை. வெறுக்கப்பட்ட ஜேன் நிமிர்ந்து நின்றாள். செல்லமாக வளர்ந்த ஜான் சூதிலும் கடனிலும் அழிந்தான். ஆகவே கண்டிப்பு, செல்லம் என்ற இரண்டையும் தராசில் வைத்து நிறுப்பதால் பயனில்லை. திருமதி ரீட் இருவரிடமும் காட்டியது ஒரே இயல்பைத்தான்: கண்ணெதிரே நிற்கும் பிள்ளை யார் என்று பார்க்க மறுக்கும் இயல்பு.

அதே ஆண்டில் வெளிவந்த எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ இதைவிட விந்தையான ஒன்றைக் காட்டுகிறது. ஹீத்கிளிஃப் சிறுவயதில் ஹிண்ட்லியால் இழிவுபடுத்தப்பட்டவன். வலிமை பெற்றபின், ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனைத் தன் பிடியில் வைத்து அதே இழிவில் வளர்க்கிறான். எழுத்தறிவிப்பதில்லை. தங்கள் குடும்ப வீட்டின் வாயிலுக்கு மேல் 1500 என்ற ஆண்டோடு பொறித்திருக்கும் தன் சொந்தப் பெயரைக்கூட ஹேர்ட்டனால் படிக்க முடியாது. பழிவாங்கல் இதைவிட நிறைவாக அமைய முடியுமா? ஆனால் ஹீத்கிளிஃப் இறந்தபோது உடலருகே இரவெல்லாம் அமர்ந்து உண்மையாக அழுதவன் ஹேர்ட்டன் ஒருவனே. அவனைப் பழித்துப் பேசிய இளம் கேத்தியையும் தடுத்தவன் அவன். வளர்த்தவன் நட்டது பகை; முளைத்தது பாசம்.

இதற்கு எமிலி விளக்கம் எழுதவில்லை. ஆனால் கதையின் முற்பகுதியில் ஒரு காட்சியை வைத்திருக்கிறார். குடிவெறியில் ஹிண்ட்லி தன் குழந்தையை மாடிப்படியின் மேலிருந்து நழுவவிடுகிறான். கீழே வந்துகொண்டிருந்த ஹீத்கிளிஃப், யார் குழந்தை என்று எண்ணும் முன்பே கைகளை நீட்டிப் பிடித்துவிடுகிறான். பிடித்தபின் அவன் முகத்தில் தோன்றுவது, பழிவாங்கும் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டதற்கான வருத்தம். எண்ணம் பகையுடையது, கை வேறுவிதமாக நீண்டது. பிள்ளை நினைவில் கொண்டது எதை என்று எவர் சொல்ல இயலும்? ஏட்டில் எழுதிய பாடத்தைவிட எண்ணாமல் நீண்ட கையே ஆழமாகப் பதிகிறது என்று கொள்வதில் தவறில்லை.

இனி நெசவாளி சைலசிடம் வருவோம். நண்பன் வில்லியம் டேன் செய்த திருட்டைத் தன் தலையில் சுமந்து, திருவுளச் சீட்டில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு, மணக்கவிருந்த பெண்ணையும் அந்நண்பனிடமே இழந்தவன். கடவுளையும் மனிதரையும் நம்பாதவனாய் ராவலோ என்னும் சிற்றூருக்கு வருகிறான். பதினைந்து ஆண்டுகள் தறியும் பொற்காசுமே வாழ்க்கை. ஊரார் அவனைக் கண்டு அஞ்சுகின்றனர். ஒருநாள் அக்காசுகளும் களவு போகின்றன. இவனிடம் ஒரு குழந்தையை ஒப்படைக்கத்தக்க எந்தத் தகுதியும் வெளிப்பார்வைக்கு இல்லை.

எனினும் எலியட் முன்னரே ஒரு சிறு செய்தியைக் காட்டிவிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் தண்ணீர் கொண்டுவந்த மண்பானை ஒருநாள் உடைகிறது. இனி அதனால் பயனில்லை. ஆயினும் துண்டுகளை ஒன்றுசேர்த்து, அது வழக்கமாக இருந்த இடத்திலேயே நிற்கவைக்கிறான் சைலஸ். ஹாவிஷாம் அழுகிப்போன மணவிருந்தைப் பாதுகாத்தாள்; சைலஸ் உடைந்த பானையைப் பாதுகாத்தான். ஒன்று மறக்க மறுக்கும் சினம். மற்றொன்று மறக்க இயலாத நன்றி. இரு வீடுகளுக்கும் குழந்தை வந்து சேரும் முன்பே அவற்றின் வேறுபாடு தெளிவாகிவிட்டது.

புத்தாண்டுக்கு முந்திய இரவில், பனியில் தாய் இறந்து கிடக்க, கணப்பின் ஒளியை நோக்கித் தளர்நடையிட்டு ஒரு குழந்தை அவன் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கண்பார்வை மங்கிய சைலஸ், அதன் பொன்னிறத் தலைமுடியைக் கண்டு தன் பொற்காசுகள் திரும்பிவிட்டன என்று கை நீட்டுகிறான். கைக்குத் தட்டுப்பட்டது மென்மையான சுருள்முடி. உடனே அவன் உள்ளத்தில் எழுவது, சிறுவனாக இருந்தபோது தான் தூக்கித் திரிந்து பின் இறந்துபோன சின்னத் தங்கையின் நினைவு. வஞ்சனைக்கும் அடியில், அதற்கும் முந்தியதாய் ஓர் அடுக்கு அவனுள் உலராமல் இருந்திருக்கிறது. குழந்தை தொட்டது அதைத்தான். தாய்க்கும் தங்கைக்கும் இருந்த ஹெப்சிபா என்ற பெயரையே அதற்கு இடுகிறான். சுருக்கமாக எப்பி.

குழந்தை வளர்க்க அவனுக்குத் தெரியாது. அண்டை வீட்டு டாலி வின்த்ராப் குளிப்பாட்டவும் உடுத்தவும் கற்றுக்கொடுக்கிறாள். தானே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று அடம் பிடிக்கிறான் சைலஸ். பிறர் கைக்குப் பழகிவிட்டால் அது தன்னை விரும்பாமல் போய்விடுமோ என்ற அச்சம். தண்டனை வேண்டும் என்கிறாள் டாலி: அடி, அல்லது கரி போட்டு வைக்கும் இருட்டறை. மூன்று வயது எப்பி, தன்னைத் தறியோடு கட்டியிருந்த துணிக்கச்சையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு ஓடி, ஒரு குட்டையருகே போய்விட்டபோது, சைலஸ் நடுங்கிப்போய் அவளைக் கரி அறையில் ஒரு நிமிடம் வைக்கிறான். குழந்தை அழுததும் வெளியே எடுத்துக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்துகிறான். இனி அவள் அடங்குவாள் என்று திரும்பிப் பார்த்தால், எப்பி தானாகவே மகிழ்ச்சியோடு கரி அறைக்குள் போய் அமர்ந்திருக்கிறாள்! அன்றோடு அவ்வீட்டில் தண்டனை முடிந்தது. எலியட் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். ஆனால் குட்டைக்கு ஓடிய குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கமும் அச்சிரிப்பில் இருக்கிறது. தண்டிக்க முடியாதவன் அதற்குப் பதிலாகக் கண் விழித்திருக்க வேண்டும். சைலஸ் விழித்திருந்தான். அன்பின் விலை அவனுக்கு அதிகம்.

இருவேறு வளர்ப்பும் பிரியும் இடம் இதுவே எனத் தோன்றுகிறது. ஹாவிஷாமின் வீட்டில் குழந்தை வந்த பிறகும் கடிகாரம் ஓடவில்லை; குழந்தை இருளுக்குப் பழகியது. சைலசின் வீட்டில் குழந்தை வந்ததும் தறி நின்றது. அவள் பூவைக் காட்டினால் வயலுக்குப் போனான். அவளுக்காகத் தேவாலயத்துக்குப் போனான். அவளுக்காக அண்டை வீடுகளில் பேசினான். ஹாவிஷாம் தன் புண்ணுக்குள் ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டாள். சைலசை ஒரு குழந்தை அவன் புண்ணிலிருந்து வெளியே இழுத்துச் சென்றது. வளர்ப்பவரின் இயல்பு பிள்ளையை உருவாக்குகிறது என்பதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றுண்டு: பிள்ளையால் மாறுவதற்கு வளர்ப்பவர் இசைகிறாரா என்பதும் அவ்வியல்பின் ஒரு கூறே. 1860இல், தாம் இணைந்து வாழ்ந்த ஜார்ஜ் ஹென்றி லூயிசின் மூத்த மகன் சார்ல்ஸ் தம் வீட்டில் வந்து வாழத் தொடங்கிய காலத்திலேயே எலியட் இக்கதையை எழுதினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. தாம் பெறாத பிள்ளைக்கு இடம் தருவது அவருக்கு ஏட்டளவில் மட்டும் தெரிந்த பொருளன்று.

பதினாறு ஆண்டுகள் கழிகின்றன. எப்பியின் உண்மைத் தந்தை, ஊர்ப் பெருநிலக்கிழார் குடும்பத்துக் காட்ஃப்ரி காஸ், மகப்பேறின்றி வாழும் தன் மனைவி நான்சியிடம் உண்மையை ஒப்புக்கொண்டு, இருவருமாகச் சைலசின் குடிலுக்கு வருகின்றனர். காட்ஃப்ரி கொடியவன் அல்லன். இனிய பேச்சும் நல்லெண்ணமும் உடையவன். தொல்லையான நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றே அவன் குறை. மகளுக்குச் செல்வமும் நல்ல நிலையும் தர விரும்புகிறான். தந்தை என்ற உரிமையையும் எடுத்துரைக்கிறான். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதை ஏன் சொல்லவில்லை என்று சைலஸ் கேட்கிறான். கேட்டபின் எப்பியைத் தடுக்க விரும்பாமல், அவள் விருப்பம் போல் சொல்லட்டும் என்று ஒதுங்குகிறான். பிள்ளையைத் தன் உடைமையாக எண்ணாத அவ்வொதுங்கல், அத்துணைக் காலம் அவளை வளர்த்த இயல்பின் கடைசிச் செயல். எப்பி அவன் கையைப் பற்றிக்கொண்டு மறுத்துவிடுகிறாள்.

காட்ஃப்ரியும் நான்சியும் பேசாமல் வீடு திரும்புகின்றனர். ஒரு காலத்தில் பிள்ளையில்லாதவன் என்று பெயர் பெற விரும்பித் தன் குழந்தையை மறைத்தவன், இனித் தன் விருப்பத்திற்கு மாறாக அப்பெயரோடு வாழ வேண்டும் என்று மனைவியிடம் கூறுகிறான். எப்பி தன் இளமைத் தோழனான டாலியின் மகன் ஏரனை மணந்தபோது, மணமகளின் ஆடை நான்சியிடமிருந்து வந்தது. விருந்துச் செலவைக் காட்ஃப்ரி ஏற்றுக்கொண்டான். அன்று அவன் ஊரில் இல்லை.